வெயில் பட்ட மணல்

ஆறு எதையும் மறப்பதில்லை, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குழிக்குள் குந்தியிருக்கிறேன், தலைக்கு மேல் கருப்புப் படுதா, கையில் சின்னச் சிவப்பு விளக்கு, மூக்கு நுனியில் வியர்வை, எதிரே தாமிரபரணி எந்தக் காலத்திலோ பொங்கி வந்து போட்டுவிட்டுப் போன மணல் ஒரு முழ உயரத்துக்கு வரிவரியாய்க் கிடக்கிறது, ஆறு எதையும் மறப்பதில்லை, இந்த வாக்கியத்தைப் பிறகு மூன்று மாநாடுகளில் சொன்னேன், மூன்றிலும் கைதட்டினார்கள், ஒன்றில் பொன்னாடையும் உண்டு, ஆனால் ஆறு மறக்காமலிருக்க ஒரு நிபந்தனை இருக்கிறது, அதன் மணலில் வெயில் படக்கூடாது, கடைசியாகச் சூரியனைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்பதை ஒவ்வொரு மணல் துகளும் இருட்டுக்குள் சேர்த்து வைத்திருக்கும், அதை ஆய்வகத்தில் கேட்டால் சொல்லும், நடுவில் இரண்டு நிமிஷம் வெயில் பட்டால் அத்தனையையும் தொலைத்துவிட்டு நேற்றுப் பிறந்ததுபோல் விழிக்கும், அதனால்தான் நகக்கண் அளவு வெளிச்சம்கூட வரக்கூடாது, உயிரே போனாலும் படுதாவை விடாதே என்று ஆவுடைத்தங்கத்திடம் சொல்லியிருந்தேன், குழி வெட்ட வந்தவள் அவள், கரைமேல் இருந்த மேலக்கரைக் காலனியின் நூற்று நாற்பது வீடுகளில் அவளுடையதும் ஒன்று, மணலுக்கு ஆயிரம் வயதென்றால் காலனி இருக்கலாம், ஐம்பது அறுபது என்றால் அந்த வெள்ளம் திரும்ப வரும், காலனி போக வேண்டும், இது அவளுக்கும் தெரியும், மண்ணுகிட்ட போயி வயசு கேக்கியளே சார், எங்ககிட்ட கேட்டா சொல்ல மாட்டமா, எங்க பூட்டன் காலத்துலேருந்து இங்கன தண்ணி ஏறுனதே இல்ல என்றாள், நான் சிரித்தேன், மனுஷ ஞாபகமெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா என்றேன், படுதாவின் முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் சாமி முன்னால் நிற்பதுபோல் நின்றாள்.

மணலைக் கரண்டியால் சுரண்டிக் கருப்புப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் படுதா பறந்தது, வெயில் குழிக்குள் கொட்டியது, திறந்த பைக்குள்ளும் கொட்டியது, எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை, எனக்கு அப்போது வேறு வேலை இருந்தது, ஆவுடைத்தங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஒரு முனையைப் பிடிக்கக்கூடத் துப்பில்லையா என்று நான் கத்தினேன், பையைக் கட்டினேன், இன்னொரு மணல் மாதிரி எடுத்திருக்கலாம், அந்தக் குழியில் அதற்குமேல் ஒரு கணமும் நிற்க எனக்கு முகமில்லை, பாதி ஞாபகம் அழிந்த அந்த மணலுக்கு ஆய்வகம் ஐம்பத்தெட்டு வருஷம் என்றது, அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது அந்த வயது பொய் என்று எனக்குத் தெரியும், பேனா மட்டும் கம்பீரமாக ஓடியது.

உயிர்காப்பு நடவடிக்கை என்று அதற்குப் பெயர், மூன்றே நாளில் காலனி சனத்தை லாரிகளில் ஏற்றினார்கள், பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஒரு செம்மண் பொட்டல், நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரி, வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்பட்ட சனம் குடத்தோடு வரிசையில் நிற்கிறது, கனவில் அந்த வரிசை மேடை வரைக்கும் நீள்கிறது, பொன்னாடையோடு நான் ஒவ்வொருவரிடமும் வயதைக் கேட்கிறேன், நேத்துதான் பொறந்தோம் சார் என்கிறார்கள், கிழவர்களும் அதையே சொல்கிறார்கள், வியர்த்து எழுகிறேன், இரண்டு வருஷமாக எழுகிறேன், வருகிற திங்கட்கிழமை காலனியின் காலி வீடுகளை இடிக்கிறார்கள், இடித்துவிட்டால் திரும்பிப் போக ஒன்றுமிருக்காது, அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது, மாதிரியில் வெயில் பட்டுவிட்டது, காரணம், என்று எழுதி நிற்கிறது, தவிர்க்க இயலாத களச்சூழல் என்று எழுதி அடித்தேன், ஆய்வாளரின் உயிருக்கு நேர்ந்த ஆபத்து என்று எழுதி அதையும் அடித்தேன், உள்ளதை உள்ளபடி எழுதுங்க, கமிட்டி கேக்கும் என்று மேலதிகாரி போனில் சொல்லிவிட்டார்.

இப்போது ஆவுடைத்தங்கத்தின் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கிறேன், மேலே அதே கருப்புப் படுதா, வேலை முடிந்ததும் பெரிய மனசு பண்ணி நான்தான் அவளுக்குக் கொடுத்தேன், இன்று அதுதான் கூரை, நூறு ஓட்டை, ஓட்டைக்கொன்றாய் வெயில் என் மடியில் வட்டவட்டமாய் விழுகிறது, குடிக்க அரைச் செம்பு தண்ணீர் வைத்தாள், குடிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன், குழி வெட்டிக் குடியக் கெடுத்தவன்னுதான் ஊர்ல என்னைய ஏசுதாவ சார் என்கிறாள், கூடப்பிறந்தவளே பேச்சை விட்டுவிட்டாளாம், குரலில் கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை, பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்கிறாள், அன்னைக்கு அந்த முனைய நா கைய வுடாம இருந்திருந்தா வீடு நின்னுருக்கும்லா சார்.

நீ விடலை ஆவுடை, நான்தான் தூக்கி எறிஞ்சேன் என்கிறேன், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்கிறேன், அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், நீயளா, ஏன் சார் என்கிறாள், வெயில் வட்டங்களுக்கு நடுவே, சட்டைப்பையிலிருந்து எடுத்த கடிதம் மடியில் திறந்து கிடக்கிறது, காரணம் என்ற சொல்லின்மேலும் ஒரு வட்டம் விழுந்திருக்கிறது, பேனாவைத் திறக்கிறேன்.

பூரான் காலில் ஏறுகிறது என்று நினைத்தேன். அது என் அண்ட்ராயர் நாடா.