நன்றாகப் பார்த்துக்கொண்டவர்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். உதவித்தொகை அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வெல்டர் சொல்லிக்கொண்டிருந்தார்: "என் சம்சாரத்த நான் ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டேன் சார். அதனாலதான் எனக்கு இல்லேன்னுட்டாங்க."

மீதியெல்லாம் என் இட்டுக்கட்டல்.

2

'தீப்பொறிக்குப் பழகிய அந்தக் கைகள் இன்று—'

வேண்டாம். கைகளைப் பற்றி எழுதினால் நானே அழுதுவிடுவேன். அவருக்கோ அழ நேரமில்லை.

மனைவியைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியபின், வெல்டர் பட்டறையை விட்டு வீட்டோடு இருந்தார். வீட்டு நோயாளியைப் பார்ப்பவருக்கு மாத உதவித்தொகை உண்டென்று கேள்விப்பட்டு மனுப் போட்டார். அதிகாரி நேரில் வருகிறார் என்றதும், விருந்தாளி வந்தால் செய்வதைத்தான் செய்தார். மனைவியைக் குளிப்பாட்டி, தலைபின்னி, இஸ்திரி போட்ட உடை மாட்டி, நாற்காலியில் சாயாமல் உட்காரவைத்தார். மனைவியும் அதிகாரி கேட்டதற்கெல்லாம் சிரித்த முகமாக, "நானே பாத்துக்குவேன் மேடம்" என்றார். (முன்பின் தெரியாதவரிடம் கழிவறைக் கதையையா சொல்வார்?)

'உதவியாளர் தேவையில்லை' என்று பதில் வந்தது. இருவரும் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்கள்.*

*அதிகாரி கெட்டவர் அல்ல. கண்ணால் கண்டதை எழுதினார். வில்லன் இல்லாமல் எழுதுவது எனக்குத்தான் கஷ்டம்.

3

மேல்முறையீடு செய்தார்கள். அதே அதிகாரி மறுபடி வருகிறார். இதுவும் போனால் வெல்டர் பட்டறைக்குத் திரும்ப வேண்டும். மனைவி பகலெல்லாம் பூட்டிய வீட்டில் தனியே கிடக்க வேண்டும்.

நான் ஒரு குறுக்கு வழி எழுதிப் பார்த்தேன்: இம்முறை தலைவாராமல், அழுக்கு உடையோடு விட்டுவிடுவது. வெல்டர் அந்தப் பத்திக்குள் வரவே மறுத்துவிட்டார்.

"காசுக்காக அவள அலங்கோலமா உக்காரவைக்கவா? போங்க சார்."

வழி சொன்னது அவர் மனைவி. வாய் குழறினாலும் பேச்சில் குழப்பமில்லை.

"எப்பவும்போல என்னை ரெடி பண்ணுங்க. அவங்க வந்ததும் நீங்க வெளிய போயிடுங்க."

"போயி?"

"நான் கூப்பிட்டாலும் வராதீங்க. நீங்க செய்யறது என்னன்னு நீங்க இல்லாதப்பதான் தெரியும்."

"நீ கஷ்டப்படுவியே."

"படறேன். இது வேலைதான்னு அவங்க வாயால சொல்லட்டும்."

4

அதிகாரி உள்ளே இருக்கிறார். வெல்டர் வெளியே படிக்கட்டில், முழங்காலை இறுகப் பிடித்தபடி.

முடிவு அ: பொறுக்கமாட்டாமல் உள்ளே ஓடுகிறார், எல்லாம் கெட்டது.

முடிவு ஆ: அதிகாரி கண்கலங்கிக் கையெழுத்துப்—

அடித்துவிட்டேன். இரக்கப்பட்டுக் கொடுத்தால் அது பிச்சை. இவர்கள் கேட்பது கூலி.

உள்ளே நாற்காலி இழுபடுகிறது. "என்னங்க" என்று பழக்கத்தில் எழுந்த குரல் பாதியில் நின்றுவிடுகிறது. வெல்டர் எழுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்கிறார். கதை அவரோடு வெளியே இருப்பதால் என்னாலும் உள்ளே போக முடியவில்லை.

உள்ளே அதிகாரியாக இருப்பது நீங்கள்தான். உங்கள் மடியில் தாள். எதிரே ஒரு பெண் நாற்காலியிலிருந்து மெல்லச் சரிகிறார். பேனாவை வைத்துவிட்டுத் தாங்குங்கள். எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லையா? தெரிந்தவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கூப்பிடுவதும், அதன்பிறகு அந்தத் தாளில் என்ன எழுதுவது என்பதும் உங்கள் பாடு.