சிட்டுவுக்குப் பசித்த நாள்

மத்தியானச் சோறு மாடிப்படியில் ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தது. முன்னால் நான்கு வயது சிட்டு; பின்னால் கிண்ணமும் கையுமாக அவள் அம்மா.

"ஒரே ஒரு வாய்டா கண்ணு. இது அம்மாவுக்கு. இது நிலாவுக்கு. இந்தா, முயல் பாரு, முயல் பாரு!"

செல்போனில் முயல் ஆடியது. சிட்டு வாயைத் திறந்தாள். உள்ளே போன சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு முயலையே பார்த்தாள். முயல் ஆடி முடித்ததும் வாய் பூட்டிக்கொண்டது. அடுத்த முயல் வந்தால்தான் அடுத்த வாய்.

கதவோரம் நாற்காலியில், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தான் அவள் அப்பா. இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்யும் பட்டறையில் அவன் வெல்டர். இரும்பு அடிக்கும் சத்தத்துக்கு மேலே கேட்கும் குரல் என்பதால் அங்கே அவனுக்கு 'இடி' என்று பெயர். தூக்கிய கேட் ஒன்று நழுவிக் காலில் விழுந்ததில் எலும்பு முறிந்து வீட்டோடு கிடந்தான். அதுவரை மகள் எழுவதற்கு முன்னால் கிளம்பி, இருட்டும்போது திரும்புகிறவன். மகளின் மத்தியானம் எப்படியிருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது.

தெரிந்ததெல்லாம் சாயந்திரம்தான். வண்டிச் சத்தம் கேட்டால் சிட்டு ஓடிவருவாள். அவன் கையில் சிப்ஸ் பாக்கெட்டோ சாக்லேட்டோ இருக்கும். "என் பொண்ணுக்கு அப்பான்னா உயிர்" என்று பட்டறையில் சொல்லிக்கொள்வான். ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலோடு வந்த அன்றும் அவள் ஓடித்தான் வந்தாள். அவனுடைய இரண்டு கைகளையும் பார்த்தாள். "பாக்கெட் எங்கப்பா?" என்றாள். இல்லை என்றதும் உள்ளே போய்விட்டாள். சின்னப் பிள்ளைதானே என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டான்.

"ஒரு கிண்ணம் சோறு ஊட்ட இவ்வளவு கூத்தா?" என்றான் மனைவியிடம். "ரெண்டு அதட்டு அதட்டினா தானா இறங்கும்."

"நாளையிலிருந்து நான் கடைக்குப் போகணும். நீங்கதானே வீட்ல இருக்கப்போறீங்க? அதட்டித்தான் பாருங்களேன்" என்றாள் அவள். மருந்துக்கடையில் அவள் பில் போடுகிறவள்; மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போய், மத்தியானம் வந்து ஊட்டிவிட்டுத் திரும்புவாள். அவன் காலுக்காகப் போட்ட லீவு அன்றோடு முடிந்தது.

மறுநாள் அதட்டினான். சிட்டு அசையவில்லை. மடியில் இழுத்து உட்கார வைத்து, கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து சோற்றைத் திணித்தான். "முழுங்கு!" என்றான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாய் நிறையச் சோற்றோடு குழந்தை விக்கி அழுதது. அழுத வேகத்தில் சோறு புரையேறியது. சத்தம் நின்றுவிட்டது. முகம் கறுத்துக்கொண்டே போனது. பதறிப்போய் அவளைக் கையில் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டினான். கட்டியாக ஏதோ வந்து தரையில் விழுந்தது. அதன் பிறகுதான் அழுகைச் சத்தம் வந்தது. அன்றைக்கு அவன் மறுபடி கிண்ணத்தைத் தொடவில்லை.

அன்றிலிருந்து கிண்ணத்தைக் கண்டாலே சிட்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். போகப்போக, அவன் குரலைக் கேட்டாலே போய்விடுவாள்.

நடந்ததை மனைவியிடம் மறைக்காமல் சொன்னான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் மகளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். உள்பக்கம் ரத்தமில்லாமல் வெளுத்திருந்தது. அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் மூவரும் போனார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவரம்மா கேட்டார்: "ரத்தம் ரொம்பக் குறைவா இருக்கு. காலையிலிருந்து என்னென்ன குடுப்பீங்கன்னு சொல்லும்மா."

"எழுந்ததும் பால் டாக்டர். அப்புறம் பிஸ்கட். மத்தியானம் சோறு, அது எங்க இறங்குது? வெறும் வயிறா இருக்கேன்னு மறுபடி பால். சாயந்திரம் இவர் ஏதாவது வாங்கிட்டு வருவாரு. ராத்திரியும் சாப்பிடலேன்னா பால்தான்."

"பாலும் பிஸ்கட்டுமே வயித்தை அடைச்சுடுது. அப்புறம் சோத்துக்கு எங்க இடம்? பசிக்குதுன்னு இவ என்னைக்காவது சொல்லியிருக்காளா?"

சிட்டு அண்ணாந்து அம்மாவைக் கேட்டாள்: "பசின்னா என்னம்மா?"

மருத்துவர் சிரிக்கவில்லை. இரும்புச்சத்து மருந்தை எழுதிக்கொண்டே சொன்னார்: "என்ன குடுக்கறது, எப்பக் குடுக்கறதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க. எவ்வளவு சாப்பிடறதுன்னு அவ முடிவு பண்ணட்டும். பாலைக் குறைங்க. சாயந்திரம் ஒரு பழம். மத்த நேரம் தண்ணி. போன் வேண்டாம், மிரட்டல் வேண்டாம், லஞ்சமும் வேண்டாம்."

"லஞ்சமா?" என்றான் அவன்.

"சாப்பிட்டா சாக்லேட் தர்றேன்னு சொல்றதுக்கு வேற என்ன பேரு? அதோட, வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுங்க. நீங்க காய் சாப்பிடுவீங்கதானே?"

"இவரா?" மனைவி முந்திக்கொண்டாள். "காயெல்லாம் தட்டு ஓரத்துல வரிசையா நிக்கும் டாக்டர். மகளும் அப்படியே பொறுக்கி ஒதுக்குவா."

திரும்பி வரும்போது அவனுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் நீ குடுத்த செல்லம்" என்று ஆரம்பித்தான்.

"கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்கினவ நான். சாயந்திரம் பாக்கெட்டோட வந்து நல்ல பேர் வாங்கினது நீங்க" என்றாள் அவள். இடி அதோடு அடங்கிப் போனது.

பிஸ்கட் டப்பா காலியானது, மறுபடி நிரம்பவில்லை. சிட்டு அழுதாள், உருண்டாள், தொண்டை கம்மும் வரை கத்தினாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அவனால்தான் முடியவில்லை. அழுகைகூடப் பரவாயில்லை, மகள் தன் பக்கம் வராமல் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் கடைக்கு என்றதும் வெளியே வந்தவளை நடத்திக் கூட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தான். அத்தனை நாளும் கிட்டே வராதவள் மடியில் ஏறி உட்கார்ந்து தின்றாள். அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ராத்திரி சிட்டு தட்டைத் தொடவில்லை. மனைவி அவன் சட்டையில் ஒட்டியிருந்த சிப்ஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே, "மடியில உக்காந்தாளா?" என்றாள்.

"ம்."

"அவ உங்க மடிக்கு வரலைங்க. பாக்கெட்டுக்கு வந்தா."

அவனுக்குச் சுருக்கென்றது. அதன் பிறகு அந்தக் கடைப் பக்கம் அவன் திரும்பவில்லை. குரலையும் தாழ்த்தினான். பட்டறை ஆட்கள் போன் பண்ணினால், "யாருப்பா பேசறது, இடி இல்லையா?" என்று கேட்கும் அளவுக்குத் தாழ்த்தினான்.

அழுகை மெல்ல ஓய்ந்தது. ஒருநாள் காலை அரை டம்ளர் பாலும் கொஞ்சம் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, சிட்டு மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஒளிந்து பிடித்து விளையாடப் போனாள். அவன் உட்கார்ந்தபடியே பீன்ஸ் நறுக்கி அடுப்பில் ஏற்றி இறக்கியிருந்தான். சிட்டு வியர்த்து விறுவிறுத்து வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, வயித்துக்குள்ள ஏதோ கிள்ளுது."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வலிக்குதா? எங்க? விழுந்தியா?"

"வலி இல்ல. கிள்ளுது. உள்ள யாரோ கர்ர்னு கத்தறாங்க."

மருந்துக்கடைக்குப் போன் போட்டான். "ஏய், பொண்ணுக்கு வயித்துல என்னமோ பண்ணுதாம். மாத்திரை ஏதாவது கொண்டு வர்றியா? இல்ல, வண்டி கூப்பிட்டு டாக்டர்கிட்ட போகவா?"

"வாந்தி எடுத்தாளா? காய்ச்சல் இருக்கா?"

"இல்ல. நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்தா."

"கடைசியா எப்ப சாப்பிட்டா?"

"காலையில. கொஞ்சூண்டு ரொட்டி."

கடை என்றும் பாராமல் அவள் கூவினாள்: "அட மனுஷா, அது பசிங்க! நம்ம பொண்ணுக்குப் பசிக்குதுங்க!"

அவன் போனைத் தூர வைத்தான். இரண்டு தட்டுகளில் சோறும் பருப்பும் பீன்ஸும் வைத்து மேஜைக்கு வந்தான். அவளுக்கு ஊட்டவில்லை, தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தான். பீன்ஸ் வாயில் புல்லைப் போல இருந்தது. மென்று விழுங்கினான்.

"உனக்கு இது பிடிக்குமாப்பா?"

"இன்னும் பிடிக்கலை. பழகிக்கிட்டிருக்கேன்."

சிட்டு அவன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். முகத்தைச் சுளித்துத் துப்பினாள். உள்ளேயிருந்து எழுந்த அதட்டலை அவன் தண்ணீர் குடித்து அடக்கினான். அவள் தன் தட்டில் கையை வைத்தாள். பருப்புச் சோற்றை அள்ளினாள். பாதி வாயில், பாதி மேஜையில். அவளே மென்றாள், அவளே விழுங்கினாள், மறுபடி அள்ளினாள். தட்டில் பாதி இருக்கும்போதே "போதும்ப்பா" என்றாள்.

'இன்னும் ஒரு வாய்' என்ற சொல் அவன் நாக்கு நுனிவரை வந்தது.

"சரி, போய்க் கை கழுவு" என்றான்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பீன்ஸ் அவள் வாயில் தங்கப் பல நாள் பிடித்தது. அவன் வாயில் தங்கவும்தான். சில நாள் நன்றாகச் சாப்பிட்டாள், சில நாள் கொறித்துவிட்டு எழுந்தாள். கிண்ணம் மட்டும் அப்புறம் மாடிப்படி ஏறவில்லை. அடுத்த பரிசோதனையில் ரத்தம் கூடியிருந்தது.

காலில் கட்டுப் பிரித்த பிறகு ஒரு சாயந்திரம், மனைவியை அழைத்துவர மகளோடு மருந்துக்கடைக்குப் போனான். அங்கே ஒரு பெண், இடுப்பில் பையனோடு நின்றிருந்தாள். "பசி எடுக்கறதுக்கு நல்ல டானிக்கா ஒண்ணு குடுங்க. வாயில ஒண்ணுமே வைக்க மாட்டேங்கறான்" என்றாள். பையன் கையில் பாதி தின்ற பிஸ்கட். மீதிப் பாக்கெட் அவள் பையில். கடைக்காரர் அலமாரிப் பக்கம் கையை நீட்டினார்.

அவனால் சும்மா இருக்க முடியவில்லை. "மொதல்ல டாக்டர்கிட்ட காட்டும்மா. எங்க பொண்ணும் இப்படித்தான் இருந்தா. பசிங்கறது என்னன்னே அவளுக்குத் தெரியல. நாங்க தெரிய விடலை."

"நல்லா இருக்குய்யா!" என்று கடைக்காரர் பில் போடுகிறவள் பக்கம் திரும்பினார். "உன் வீட்டுக்காரர் இன்னும் ரெண்டு தடவை வந்தா நான் கடையை மூட வேண்டியதுதான்."

சிட்டுவின் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் பையனைப் பார்த்துச் சிரித்தாள்.

"பசி பாட்டில்ல வராதும்மா" என்றாள். "அது பிள்ளையோட கூடவே பொறந்தது. பாசம்னு சொல்லி நேரம் காலம் இல்லாம கண்டதைக் குடுத்து நாமதான் அதைக் கொன்னுடறோம். நேரத்துக்கு நல்ல சாப்பாட்டைக் கண்ணு முன்னாடி வைக்கணும், அதையே நாமளும் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும். நம்ம வேலை அவ்வளவுதான். எவ்வளவு வேணும்ங்கறது பிள்ளையோட வயித்துக்குத் தெரியும்."