பெயர் சொல்லும் பற்கள்

செல்லக்கனியின் முன்பற்கள் மேல் தற்காலிக வெனீர் ஒட்டிய நாளிலிருந்து, அவை அவள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டன.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்ல வைப்பாள். பல்லின் மேல் ஒட்டிய மெல்லிய சில்லுகளுக்கு வீட்டு வழக்கம் எப்படித் தெரியும், பாவம். அவள் "ஏங்க" என்றுதான் வாயைத் திறப்பாள். "வேலாயுதம்" என்று வரும். முந்தானையால் பொத்தினாலும் துணிக்குள்ளிருந்து கூப்பிடும்.

வேலாயுதம் கோபப்படவில்லை. பூட்டுக்கடைக்காரரான அவரை ஊரே அண்ணாச்சி என்றது. அம்மா போன பிறகு பெயர் சொல்ல ஆளில்லாமல் எடை குறைந்துகொண்டே வந்தார். காற்றடித்தால் கல்லாவைப் பிடித்துக்கொள்வார். இப்போதுதான் கால் தரையில் பாவியது.

செல்லக்கனிக்கோ மானம் போயிற்று. பல் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னாள். ஆஸ்பத்திரித் தாழ்வார நடை அன்றைக்குக் கொஞ்சம் நீளம். வழியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டார்கள்.

டாக்டரம்மா நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, மை பட்ட நுனிகளை ராவினாள். பெயரின் வாலும் சேர்ந்து போயிற்று.

"வேலா" என்றன பற்கள்.

அம்மா அப்படித்தான் கூப்பிடுவாள். வேலாயுதத்தின் நாற்காலி ஒரு விரல் அளவு தரைக்குள் இறங்கியது.

"இது சரிப்படாதும்மா, மாத்திருவோம். நிரந்தரமானது வந்தாச்சு. மரியாதை தெரிஞ்சது" என்றாள் டாக்டரம்மா.

மாற்றினாள். செல்லக்கனி "ஏங்க" என்றாள். "ஏங்க" என்றே வந்தது. அவளுக்கு உயிர் வந்தது. பழைய சில்லுகளை வேலாயுதம் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாயில்லாமல் அவை என்ன பேசும்.

திரும்பும்போது நடை இன்னும் நீண்டிருந்தது. மேலே மின்விசிறிகள் ஓடின. பாதி வழியில் அவர் செருப்பு தனியே நின்றது. அவர் அதற்கு ஒரு சாண் மேலே இருந்தார். செல்லக்கனி வேட்டி நுனியைப் பிடித்தாள். துணி வழுக்கியது.

"விட்ருட்டி. புதுப் பல்லு. சிரமப்படுத்தாத" என்றார்.

அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். மரியாதை தெரிந்த பற்கள் இறுக மூடிக்கொண்டன. அவள் நாக்கால் நெம்பித் திறந்தாள்.

"வேலா."

அவர் செருப்புக்குள் இறங்கினார்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்லங்க. சும்மாதான்."

நடை முடிகிற பாடாயில்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அவள் சும்மா கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.