ஓதின தண்ணீர்

ஹாஜறாவுக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. இந்தமுறை அது ஒரு தண்ணீர்ப் போத்தலில் வந்து நின்றது.

இளைய மகள் றுஸ்தா ஒலுவில் பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி படிக்கிறாள், கடைசி வருடம். முடித்ததும் நிந்தவூரிலேயே டீச்சர் வேலை என்று ஹாஜறா மனக்கோட்டை கட்டியிருந்தாள். மகளோ நீர் ஆய்வுகூடம், மருந்துக் கம்பனி என்று எங்கெங்கோ கதைத்தாள். அதோடு விட்டாளா? கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து ஃபிரிட்ஜில் வைப்பாள். கூடப் படிக்கிற ஸாஜித் காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து வாங்கிப் போவான். அவன் சிரிப்பான், இவளும் சிரிப்பாள்.

“தண்ணியில என்னடி இருக்கு, ரெண்டு பேரும் பல்லக் காட்ட?”

“நைத்ரேற்று இருக்கா எண்டு பாக்கிற உம்மா. வயலுக்குப் போடுற யூரியா கிணத்துக்குள்ள ஊறும். கைப்புள்ளைக்கு அது கூடாது, உடம்பு நீலம் பாரிச்சுப் போகும். காய்ச்சினாலும் போகாது. முடிவு வாறவரைக்கும் ராத்தாட புள்ளைக்குக் கடைத் தண்ணியிலதான் பால் கரைக்கணும்.”

றுஸ்தாவின் ராத்தா, மூத்த மகள் ஹுஸ்னியாவின் பிள்ளைக்கு இன்னும் தலை நிற்கவில்லை. தாய்ப்பால் போதாமல் பால்மாவும் குடிக்கிறது.

ஹாஜறா ஒரு சொல்லையும் நம்பவில்லை. இந்தத் தண்ணீரைக் குடித்துத்தானே இவளே வளர்ந்தாள்? உம்மாவைப் பேய்க்காட்டப் பார்க்கிறாள். நேரே ஓதிப் பார்க்கிற லெப்பையிடம் போனாள். மகளை விட்டுப் பொடியனின் மனசு திரும்ப வேண்டுமென்று சொல்லி, பள்ளிவாசல் குழாய்த் தண்ணீரில் ஓதி வாங்கி வந்தாள். மகள் குளிக்கப் போன நேரம் ஃபிரிட்ஜிலிருந்த போத்தலைக் கவிழ்த்து, ஓதின தண்ணீரை ஊற்றி மூடினாள். குடிக்கட்டும், திரும்பட்டும். ஸாஜித் வந்ததும் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள், சிரிக்காமல்.

சில நாள் கழித்து றுஸ்தா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள்.

“ராத்தா, எங்கட கிணறு சுத்தம்! பக்கத்துல வயல் இருந்தும் இப்பிடியா எண்டு படிப்பிக்கிற சேருக்கே ஆச்சரியம். இனிக் கடைத் தண்ணி தேவல்ல!”

ஹுஸ்னியா அப்போதே கிணற்றில் அள்ளி, காய்ச்சி ஆறவைத்து, பால் கரைத்தாள். ஹாஜறா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படியென்றால் பொடியன் குடிக்கவே இல்லையா? மகள் சொன்னதெல்லாம் உண்மையா? வாயைத் திறந்தால் மானம் போகும். பிள்ளை பசியில் வாயைத் திறந்தது.

“குடுக்காத!” பாய்ந்து பால் போத்தலைப் பறித்தாள். “அவன் கொண்டுபோனது நம்மட கிணத்துத் தண்ணி இல்லடி. பள்ளிவாசல் குழாய்த் தண்ணி. நான்தான் மாத்தி ஊத்தின.”

ஹுஸ்னியா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“ஏன் உம்மா?” என்றாள் றுஸ்தா.

“ஓதின தண்ணி. அவன் குடிச்சா உன்ன மறந்திருவான் எண்டு...”

மகள் சிரித்துவிடுவாள் என்று ஹாஜறா எதிர்பார்த்தாள். திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது. றுஸ்தா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

மறுநாள் காலை ஹாஜறா ஃபிரிட்ஜைத் திறந்தாள். புதுப் போத்தல் இருந்தது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, டேப்பின் மேல் றுஸ்தா கையெழுத்து வைத்திருந்தாள்.

“வேலைக்குப் போற இடத்திலயும் இப்பிடித்தான் செய்யணும்,” என்றாள் மகள் பின்னாலிருந்து, முகத்தைப் பார்க்காமல். “ஆரும் கை வைக்க ஏலாம.”

ஹாஜறா ஃபிரிட்ஜ் கதவை மெதுவாகச் சாத்தினாள்.