கையெழுத்துப் போடாதவள்

ஆபத்தான பொருள்களை விற்பவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கப் புதிதாகச் சட்டம் போட்டு, மக்கள் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றை அரசாங்கம் திறந்திருந்தது. தையல்காரிக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் வெந்நீர் போடும் ஹீட்டர் வெடித்து மகளின் தோள்பட்டை வெந்துபோனதை நினைத்தால் சும்மா இருக்க முடியவில்லை. வெடித்த ஹீட்டரைப் போர்வையில் சுற்றிக் கணவன் தலையில் ஏற்றிவிட்டுக் கிளம்பினாள்.

அலுவலகம் இரண்டே அறை. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. நாற்காலிகளின் பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. ஆறு மாதத்துக்கு முன் ஹீட்டர் கம்பெனி சார்பாக ஆஸ்பத்திரிக்கு வந்தவன் இவனேதான். பெரிய டாக்டரை வரவழைக்கிறோம், புகார் எதுவும் இல்லையென்று ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று நைச்சியமாகப் பேசினான். அவள் போடவில்லை.

"இவன் கம்பெனி ஆளுங்க. வாங்க, போயிடலாம்" என்று கிசுகிசுத்தாள். கணவன் நகரவில்லை. சுமந்து வந்த கழுத்து அவனுடையது.

அதிகாரியும் அவளை அடையாளம் கண்டுகொண்டார். அந்த வேலையை விட்டுவிட்டுத் தேர்வெழுதி இங்கே வந்ததாகச் சொன்னார். ஹீட்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், வைத்துவிட்டுப் போங்கள் என்றார். ஆதாரத்தை அமுக்கப் பார்க்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"எதை நம்பி சார் குடுக்கறது?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "உங்களை மாதிரி எட்டு வீட்டுக்குப் போனேம்மா. எட்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. இனிமே வாய் திறக்க பயப்படுவாங்க. போடாதது நீங்க ஒருத்தர்தான்."

எட்டு வீடு என்று தெரிந்துமா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தான்? கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தாள். போர்வையை நாலு பக்கமும் இரட்டை நூலில் நெருக்கித் தைத்தாள். சோதனைக்கூடத்தில் தன் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று அதிகாரியிடம் எழுதி வாங்கிக்கொண்டாள்.

பிரித்த அன்று ஒரு தையல்கூடக் கலைந்திருக்கவில்லை. அழுத்தம் கூடினால் நீராவியை வெளியேற்றும் வால்வு, துளையே இல்லாத வெறும் மூடியாக இருந்தது. மூன்றாம் மாதம் அந்த ஹீட்டரை எல்லாக் கடைகளிலிருந்தும் எடுக்கச் சொல்லி உத்தரவு போனது. அதிகாரியே போன் செய்து சொன்னார். குரலில் சந்தோஷம் தெரிந்தது.

"அந்த எட்டு வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா" என்றார்.

"போயிட்டு வந்து பேசுங்க" என்று போனை வைத்தாள்.