தொட்டிலில் ஒரு தொப்பி

வாசலில் வந்து நின்ற குதிரையைப் பார்த்ததும் ராதிசாவ் ஊற்றிக்கொண்டிருந்த பிளம் சாராயக் குப்பியை நிமிர்த்திப் பிடித்தார். வந்தவர் வுகோமான்.

அந்த வீட்டின் காவல் புனிதர் நிக்கோலாவின் திருநாளுக்கு யாரையும் அழைக்கிற வழக்கமில்லை; வருகிறவர் வரலாம். காலையிலிருந்து வல்யேவோ ஊரில் பாதி வந்து, திருநாள் இனிப்புக் கோதுமையை வாயில் போட்டுக்கொண்டு, "பிரதிநிதி ஐயா" என்று குழைந்தது. வெறும் உப்பு வியாபாரியாக இருந்தவரை இதில் கால்வாசிக் கூட்டம்கூட வந்ததில்லை. இவர்கள் வந்தது புனிதருக்கா, பதவிக்கா? ராதிசாவுக்குப் புரியவில்லை. வுகோமான் வந்தது அதைவிடப் புரியவில்லை.

போன வசந்தத்தில் பெல்கிரேடு சபையில் ராதிசாவ் கை தூக்கினார், புது ரயில் மலைவழி வேண்டாம், ஆற்றோரமாகவே போகட்டும் என்று. மலைச் சாலையிலிருந்த வுகோமானின் சத்திரம் அன்றே செத்தது. ஆற்றோரத்தில் இருந்தது ராதிசாவின் உப்புக் கிடங்கு. ஜில்லாவின் நன்மைக்காகத்தான் என்று மனைவி ஸ்தானாவிடம் சத்தியம் செய்தார். தனியாக இருக்கும்போது அந்தச் சத்தியத்தை அவராலேயே நம்ப முடிவதில்லை.

கோடையில் பேரன் பிறந்தான். இன்னும் பெயரில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக வுகோமான் வீட்டார்தான் ஞானத்தகப்பன், அதாவது கூம்; இரு வீட்டாரும் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் அப்படித்தான். ஞானஸ்நானத்தில் பெயர் சொல்லும் உரிமை கூமுக்கு மட்டுமே. வேறொருவரை அழைத்தால் வம்சம் விளங்காது.

வுகோமான் பனி படிந்த கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். ராதிசாவ் ஊற்றினார்.

"நீயும் உக்காரேன் கூமே" என்றார் வுகோமான்.

"இன்னிக்கு வீட்டுக்காரன் நிக்கணும். உனக்குத் தெரியாததா?"

"தெரியும். நீ எந்தப் பக்கம் நிப்பேங்கறதுதான் தெரியல."

மேஜையில் யாரோ சிரித்து, பாதியில் இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"கோவமா கூமே?" ராதிசாவ் குரலைத் தாழ்த்தினார்.

"நான் நிக்கோலாவுக்காக வந்தேன். அவரு யாருக்கும் ஓட்டுப் போடல."

ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தொட்டிலருகே போனார். அங்கேதான் தொப்பியைக் கழற்றினார். வெகுநேரம் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது, ஸ்தானா காதைத் தீட்டிக்கொண்டு நின்றும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு விறுவிறுவென்று வெளியேறிக் குதிரையேறிவிட்டார், வெறுந்தலையோடு.

தொப்பி தொட்டிலின் தலைமாட்டுக் கட்டையில் தொங்கியது.

"மறந்துட்டாரா, வச்சிட்டுப் போறாரா?" என்றாள் ஸ்தானா. "ஆள் விட்டுக் குடுத்தனுப்பவா?"

மறந்ததென்றால் அனுப்பாதது அவமரியாதை. வைத்ததென்றால் அனுப்புவது உறவையே திருப்பி எறிவது. எத்தனையோ பேரங்களில் எதிராளியின் முகத்தை ஒரே பார்வையில் படித்தவர், ஒரு தொப்பியின் முன்னால் குப்பியோடு விழித்தார். மேஜையிலிருந்து "பிரதிநிதி ஐயா, இங்க கோப்பை காலி" என்று குரல் வந்தது.

கம்பளியில் ஒட்டியிருந்த பனி உருகி, குழந்தையின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அது அழவில்லை. அடுத்த சொட்டு விளிம்பில் திரண்டு நின்றது.