றிம்ஷாவிடம் காட்டிய கழுதை

மன்னாரில் தெருக்கழுதைகளுக்கு மருந்து போடும் றிம்ஷாவை நானும் என் கூட்டாளி ஹில்மியும் ஒரே நேரத்தில் விரும்பித் தொலைத்தோம். அவளிடம் போக நோயுள்ள கழுதை வேண்டும். எங்களுக்கு அகப்பட்டது ஒன்றுதான், அதுவும் நோய்நொடியில்லாமல் கல்லுப்போல் இருந்தது. முறை வைத்து இழுத்துப் போனோம். நான் கொண்டுபோனால் அதற்குக் கால்வலி, ஹில்மி கொண்டுபோனால் வயிற்றுவலி.

ஒருநாள் றிம்ஷா, "கழுதைக்கு ஒரு நோய் வருத்தமுமில்ல. நீங்க ரெண்டு பேரும் போய் டொக்டரிட்ட காட்டுங்கோ" என்றாள்.

பிறகு சிலாவத்துறை மாப்பிள்ளை ஒருவரைக் கட்டினாள். கலியாண வீட்டில் நாங்கள், பலர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டு ஒன்றில் சேர்ந்திருந்து, இறைச்சியை விட்டுக்கொடுத்துத் தின்றோம். வெளியே வந்தபோது, வாசலில் நின்ற கழுதை ஹில்மியின் பின்னால் நடந்தது. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குக் கரட் வாங்கிக் கொடுத்தவன் நான்.

அன்றிலிருந்து எனக்கும் ஹில்மிக்கும் பேச்சில்லை.